ஆற்றுவாய் வெட்டிய அன்று எட்டுக் கணினிகள்

போன கிழமை உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருவர் என்னை வாசலிலேயே மடக்கிப் பிடித்துக் கேட்டார். "மெடம், எங்கட நிரலில வேகமான கணினியெல்லாம் மத்ததுக்காகச் சும்மா காத்துக்கொண்டு நிக்குது. அந்தக் காத்திருக்கச் சொல்லுற வரியத் தூக்கிவிட்டா என்ன?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல கேள்வி அது. ஆனால் ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் வில்லங்கம்தான். பதில் ஒரு வரியில் வராது. இருந்து கேளுங்கள்.

ஒரு கணினி வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். அதே வேலையை எட்டுக் கணினிகளுக்குச் சமாந்தரமாகப் பிரித்துக் கொடுத்தால் எட்டு மடங்கு வேகமாக முடியும் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் ஒருகாலம் தூக்கியவள்தான். எங்கள் எட்டுக் கணினிகளும் ஒன்றுகூடி, ஒற்றைக் கணினியைவிடத் தாமதமாக வேலையை முடித்துக் காட்டிய அன்றுதான் கையை இறக்கினேன்.

அந்த எட்டும் எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சுனாமியால் வந்தவை. கடல் போன கையோடு எங்கள் பக்கம் என்னென்னவோ வந்து இறங்கின. கூடாரம், பனி நாட்டுக் கம்பளிச் சட்டை, எப்படித் திறப்பது என்று தெரியாத தகரப் பேணிகள், அவற்றோடு யாரோ பாவித்து முடித்த கணினிகள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று குதிரை, ஒன்று ஆமை, மற்றவை இரண்டுக்கும் நடுவில். கம்பளிச் சட்டையை யாரும் போடவில்லை. கணினிகளை நாங்கள் விடவில்லை.

நான் குருக்கள்மடத்தில் பிறந்தவள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு பட்டி நிலம், அதில்தான் ஊர். அன்று கடல் உள்ளே வந்தபோது வாவிப் பக்கம் ஓடினோம். கரையில் வந்து நின்றால் பின்னாலும் தண்ணீர், முன்னாலும் தண்ணீர். வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. அப்போது எதிர்க்கரையிலிருந்து தோணிகள் வந்தன. யாரும் கூப்பிடவில்லை. வந்தார்கள், ஏற்றினார்கள், கொண்டுபோய்ச் சோறு போட்டார்கள். தண்ணீர் எப்போது, எங்கே, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்கு என்னைப் பிடித்தது. கடல் எனக்கு எட்டாது. வாவியையாவது கணக்கில் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஆழம் தெரியாமல் வாவியைக் கணக்கில் பிடிப்பது எப்படி? போர் முடியும்வரை அது வாவியே அல்ல, எல்லைக்கோடு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இந்தக் கரை ஒருவர் கையில், அந்தக் கரை இன்னொருவர் கையில். நடுவில் தோணியை நிறுத்திக் கழியை இறக்கி ஆழம் பார்த்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் துவக்குக் குழல் நீளும். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் மாணவர்களைத் தோணியில் ஏற்றினோம். கிழக்குக் கரைப் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை அளந்தார்கள், மேற்குக் கரைப் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை அளந்தார்கள். கழியும் கையுமாக அவர்கள் போட்ட கூத்தை எழுதினால் அது தனிப் புத்தகம்.

இந்த வேலையில் என்னோடு இருவர் இருந்தார்கள். ஒருத்தி வசந்தி, இளம் விரிவுரையாளர், கொக்கட்டிச்சோலைக்காரி. அவள் கணக்கில் பிழை பிடித்தால் விடமாட்டாள். கல்யாண வீட்டிலும் பிழை பிடிப்பாள். மற்றவர் நியாஸ், ஓட்டமாவடிக்காரர், கணினிக் கூடத்துக்குப் பொறுப்பானவர். அண்ணன் முறையில் வசந்தி அவரை 'நானா' என்பாள். எட்டுக் கணினிகளுக்கும் அவர்தான் வைத்தியர். எது எப்போது இருமும், எது எப்போது படுக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

நிரல் மிக எளிது. வாவியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் அடுத்த கணம் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது பக்கத்துக் கட்டங்களில் இப்போது எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அவ்வளவுதான். ஒரே கணினி என்றால் எல்லாக் கட்டங்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். எட்டுக் கணினி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வாவி. ஆனால் ஒவ்வோர் அடியிலும், தன் எல்லையில் உள்ள கட்டங்களின் மட்டத்தைப் பக்கத்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும். கணக்குப் பார்ப்பது நொடிப் பொழுது; கம்பி வழியே பேசுவதுதான் நத்தை வேகம்.

நாங்கள் வாவியை எப்படிப் பிரித்தோம் தெரியுமா? நீளவாக்கில்! கிழக்குக் கரையோரம் ஒரு கீற்று, அதற்கு அடுத்தது ஒரு கீற்று, இப்படியே மேற்குக் கரைவரை எட்டுக் கீற்றுகள். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கலான வாவியை நீளத்துக்கு வெட்டினால் எல்லை முழு நீளத்துக்கும் ஓடும். எட்டுக் கணினிகளும் கணக்குப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருக்கும். வேறு எந்த ஊரில் பிறந்தவனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே வாவி என்றால் இரண்டு கரை. எழுவான், படுவான். அளந்ததும் அப்படி, போர் பிரித்ததும் அப்படி, நாங்கள் வெட்டியதும் அப்படி. வேறு விதமாகவும் வெட்டலாம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த மழை வந்தது.

மார்கழி முடிந்தும் வானம் வெளிக்கவில்லை. மேலே குளங்கள் நிறைந்து வழிந்து வான் பாய்ந்தன. காலையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எனக்குத் தொலைபேசியில் எடுத்தார். அவர் எங்கள் நிரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "மெடம், பகல் கூட்டம் இருக்கு. ஆற்றுவாய இண்டைக்கு வெட்டுறதா, நாளைக்கு வெட்டுறதா? உங்கட கணினி ஏதும் சொல்லுமா?"

உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் சனம் வாவியை ஆறு என்றும் சொல்லும்; அது கடலில் விழும் முகத்துவாரம்தான் ஆற்றுவாய், அதை மணல் திட்டு மூடிவிடும். வெள்ளக் காலத்தில் அதை வெட்டித் திறந்தால் தண்ணீர் கடலுக்கு ஓடும். வாவி மட்டம் போதிய அளவு உயருமுன் வெட்டினால் ஓட்டத்துக்கு வேகம் இருக்காது. கடல் மணலைத் தள்ளி மறுபடி மூடிவிடும், எழுவான்கரை மீன்காரரின் இறாலும் வீணாகக் கடலோடு போகும். பிந்தி வெட்டினால் படுவான்கரை வயல்கள் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். அந்த வருடம் அது வெறும் வயல் அல்ல. இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் ஊர் திரும்பி, கண்ணிவெடி எடுத்து முடித்த நிலத்தில் முழுதாக விதைத்த முதல் பெரும்போகம். பயிரில் கதிர் வெளியே வரும் நேரம்.

வசந்தியின் அப்பாவின் வயலும் அந்த வட்டையில்தான் இருந்தது. வட்டை என்றால் ஒரே தொடராகக் கிடக்கும் வயல்வெளி. அந்த வட்டைக்காரர் எல்லோரும் நகையை அடகு வைத்து விதைத்திருந்தார்கள்.

பொறியியலாளருக்கு "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, என் மேசைக் கணினியில் பழைய ஒற்றைக் கணினி நிரலை ஓடவிட்டேன். நம்பிக்கையானது. ஆனால் அது முடிய மறுநாள் ஆகும். எட்டுக் கணினி நிரலோ அதைவிட மோசம். எனக்குத் தலை வெடித்தது.

அப்போது வசந்தி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கம் 'பாதை' என்போம். வெள்ளத்தில் அன்றைக்குப் பாதை ஓடுமோ ஓடாதோ என்ற நிலையில் கடைசியாக ஒருமுறை ஓடியிருக்கிறது.

"வரம்புக்கு மேல தண்ணி வந்திட்டு அக்கா," என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அடுத்த கணமே, அவள் சுபாவம், சிரித்துவிட்டாள். "ஆனா எங்கட சனத்தப் பாருங்களன். பாதைக்கு நிக்கக்குள்ள மழை கொஞ்சம் விட்டிச்சு. இந்தக் கரையில நிண்ட ஓராள் அந்தக் கரைக்குச் சத்தம் வெக்காரு, சோறு கொண்டு வா எண்டு. அங்கால இருந்து என்ன கறி எண்டு கேக்காங்க! வெள்ளத்துக்குள்ள, ஆத்துக்குக் குறுக்கால நிண்டு கறி பேசுறாங்க!"

"எங்கே நின்று பேசினார்கள்?"

"மண்முனையிலதான்."

"அவ்வளவு தூரம் கேட்குமா?"

"அதில ஆறு ஒடுக்கம்தானே. ஒடுக்கமா இருக்கிறபடியாத்தானே அந்த இடத்தில பாதை..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த வாவிப் படத்தைப் பார்த்தேன்.

பாதை ஓடும் ஒவ்வோர் இடத்திலும் வாவி ஒடுங்குகிறது. ஒடுங்கும் இடத்தில் குறுக்கே வெட்டினால் எல்லையில் சில கட்டங்கள்தான் வரும். கணினிகள் பேச வேண்டியது கொஞ்சமே! எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலேயே சனம் வாவியை எங்கே கடப்பது இலகு என்று பார்த்து வைத்துவிட்டது. வசந்தி தினமும் பாதையில் ஏறித்தான் வேலைக்கு வருகிறாள்; நாங்கள் படிப்பெல்லாம் படித்துவிட்டு, நீளவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தோம்!

நான் கூச்சலே போட்டுவிட்டேன். "நியாஸ்! நியாஸ்! எல்லாவற்றையும் நிறுத்துங்க!"

நியாஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தார், எங்கோ மின்சாரம் அடித்துவிட்டது என்று நினைத்து. படத்தில் கோடு போட்டுக் காட்டியதும் அவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. "அப்ப துண்டெல்லாம் ஒரே அளவா வராது மெடம். நகரத்துப் பக்கத் துண்டு பெரிசு, மத்தது சின்னன்."

"அதுதான் உங்களிடம் குதிரையும் ஆமையும் இருக்கே!"

"யா அல்லாஹ்! பெருசக் குதிரைக்குக் குடுப்பம், சின்னத ஆமைக்குக் குடுப்பம்!" இத்தனை வருடமாக அவருக்கு எரிச்சல் மூட்டிய அந்த ஒட்டாத, உறவில்லாத கணினிகள் அந்த ஒரு காலைப் பொழுதில் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. மூவரும் மாறி மாறி விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு தட்டினோம். தேத்தண்ணீர் ஆறிப்போனது. வெளியே மழை ஓட்டில் விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கைதட்டல் மாதிரித்தான் கேட்டது.

ஓடவிட்டோம். பறந்தது! ஒற்றைக் கணினி மறுநாள் சொல்ல இருந்ததை எட்டும் சேர்ந்து பகல் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட்டன. நியாஸ் மேசையில் ஓங்கிக் குத்தினார். திரையில் வந்த பதில்: வாவி மட்டம் மெதுவாகத்தான் ஏறுகிறது. நாளை பகல் வெட்டினால் போதும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அக்கா, எடுக்காதீங்க," என்றாள் வசந்தி. "இது பிழை. தெற்கால இருந்து வாற மலைவெள்ளத்த நான் காலையில கண்ணால பாத்தன். இப்பிடி மெதுவா ஏறாது."

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நான் உங்களை நிறுத்தி வைக்கிறேன். அவளுடைய அப்பாவின் வயல் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இன்றே வெட்ட வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொள்ளாதா? கணினி நாளை என்கிறது, அவள் இல்லை என்கிறாள். நான் யாரை நம்புவது? ஒளிக்காமல் கேட்டேன்.

"வசந்தி, இது கணக்குச் சொல்றதா, வயல் சொல்றதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "எனக்கே தெரியல்ல அக்கா. அதனால நான் தொட மாட்டன். உங்கட மேசையில பழைய நிரல் காலையில இருந்து ஓடுதுதானே. அது இதுவரைக்கும் எவ்வளவு தூரம் வந்திருக்கோ அவ்வளவு நேரத்துக்கு மட்டும் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாருங்க. நியாஸ் நானா பாக்கட்டும். அவருக்கு எங்கட பக்கம் வயல் இல்ல."

அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என் உத்தியோக காலத்தில் எத்தனையோ கெட்டிக்காரரைப் பார்த்திருக்கிறேன். தன் மனதையே சந்தேகித்து, சோதனையை இன்னொருவர் கையில் கொடுத்த ஆளை அன்றுதான் கண்டேன். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

நியாஸ் இரண்டையும் வைத்துப் பார்த்தார். வடக்கே எல்லாம் ஒன்றுபோல இருந்தது. தெற்கேயும் ஒன்றுபோல. நடுவில், மண்முனைக்குத் தெற்கே உள்ள துண்டில் மட்டும் இரண்டும் பிரிந்தன. பழைய நிரலில் தண்ணீர் ஏறியது, புதியதில் தயங்கியது. இதற்கிடையில் தொலைபேசி அடித்தது. பொறியியலாளர். "மெடம், கூட்டம் தொடங்கிட்டு. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்காங்க." "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றேன். "கிட்டத்தட்டவாவது சொல்லுங்களன்" என்றார். வாய் நுனியில் 'நாளை' இருந்தது. விழுங்கினேன்.

அவசரத்தில் தட்டியபோது நடந்தது இதுதான். நடுத் துண்டை வைத்திருந்த கணினி வேகமானது. அது வடக்குப் பக்கத்துக் கணினி பேசும்வரை காத்திருந்தது. தெற்குப் பக்கத்துக்குக் காத்திருக்கச் சொல்லும் வரி விடுபட்டுவிட்டது. தெற்கே இருந்தது ஆமை. அது தன் கணக்கை முடித்து 'வெள்ளம் வருகிறது' என்று சொல்லுமுன், நடுவில் இருந்தது பழைய மட்டத்தையே எடுத்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. வெள்ளம் ஆமையின் வாசலில் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்தி இல்லை. நிரல் விழவில்லை, கத்தவில்லை. அழகாக, வேகமாக, பொய் சொன்னது.

ஒரே ஒரு வரி. நியாஸ் சேர்த்தார். மறுபடி ஓடவிட்டோம். முன்னையதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. நான் கதிரையில் இருக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். வசந்தி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"மெடம்," என்றார் நியாஸ். "இண்டைக்குப் பொழுது படக்குள்ள வெட்டுற மட்டத்துக்கு வந்திரும். விடியக்குள்ள வட்டை முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டிரும்."

மேசைக் கணினி வந்திருந்த தூரம்வரை அதனோடு மறுபடி ஒப்பிட்டோம். எங்கும் பிரியவில்லை. பொறியியலாளருக்கு எடுத்து, "இன்றைக்கே. இப்போதே" என்றேன். "நிச்சயமா மெடம்?" "இரண்டு வழியில் பார்த்தோம், இரண்டும் ஒன்றையே சொல்லுது." கூட்ட அறையின் சலசலப்பு எனக்குக் கேட்டது. பிறகு அவர், "சரி, வெட்டுறம்" என்றார்.

அப்போதுதான் வசந்தி தன் தொலைபேசியை எடுத்தாள். காலையிலிருந்து அவள் வீட்டோடு பேசவே இல்லை. எங்களுக்கும் கேட்க ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அப்பா, எங்க நிக்கிறீங்க?"

"ஆற்றுவாயிலதான் புள்ள. வட்டை ஆக்கள் எல்லாரும் உழவு மெசின்ல வந்து மம்பட்டியோட நிக்கம்."

"எப்ப வந்த நீங்க?"

"காலையிலயே வந்திட்டம்."

"காலையிலயா? வயல் தாண்டுது, மம்பட்டியும் கையில இரிக்கு. பிறகு ஏன் வெட்டாம நிண்ட நீங்க?"

மழைச் சத்தத்துக்குள் அவர் சிரித்தது கேட்டது. "இந்தக் கரையார் தனியா ஆற்றுவாய வெட்டக் கூடா புள்ள. அங்கால மீன்காரரும் வந்து நிக்காங்க. ரெண்டு கரைக்கும் சரி எண்டு நீ பாத்துச் சொல்லுவாயாம். பெரியவங்க கூட்டத்தில சொன்னாங்க. அதுதான் நிக்கம்."

வசந்தி தொலைபேசியை நியாஸ் பக்கம் நீட்டினாள். நியாஸ்தான் குனிந்து தொலைபேசிக்குள் கத்தினார். "வெட்டுங்க மாமா! வெட்டுங்க!"

மண்வெட்டிகள் மணலில் இறங்கும் சத்தம் எங்களுக்கு அங்கிருந்தே கேட்டது.

அன்று மாலை ஆற்றுவாய் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்ததை நான் போய்ப் பார்த்தேன். வட்டையில் ஓரத்து வயல்கள் கொஞ்சம் போயின, மற்றதெல்லாம் தப்பியது. அந்தப் போகத்துப் புது அரிசியில் வசந்தியின் வீட்டில் பொங்கினார்கள், நாங்கள் மூவரும் போய்ச் சாப்பிட்டோம். மண்முனையில் இப்போது பாலம் வந்துவிட்டது. நீங்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறீர்கள். நிரலில் இன்னமும் வாவி அதே இடத்தில்தான் வெட்டப்படுகிறது.

இனி அந்த வரிக்கு வருவோம். அதை எடுத்தால் நிரல் வேகமாக ஓடும், சந்தேகமே இல்லை. காத்திருப்பு அதிகமாகத் தெரிந்தால் துண்டுகளை இன்னும் நன்றாகப் பிரித்துப் பாருங்கள், பேச்சைக் குறைத்துப் பாருங்கள், புதுக் கணினி கேட்டுச் சண்டை பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் நான் உங்கள் பக்கம். ஆனால் அந்த வரியில் கை வைக்குமுன் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். தங்கள் பயிர் தண்ணீருக்குள் போவது தெரிந்தும், மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து மழைக்குள் அந்த வட்டைக்காரர் மணலைத் தொடாமல் நின்றார்கள்.